காய்ந்தாலும் கூலி போகும், பெய்தாலும் கூலி போகும்

வறட்சி வந்தால் செய்தித்தாள்கள் வெடித்துக் கிடக்கும் வயலைப் படம் போடுகின்றன. வெள்ளம் வந்தால் அழுகிய கதிரைக் கையில் ஏந்தி நிற்கும் விவசாயியைப் படம் போடுகின்றன. இரண்டு படங்களும் பொய்யல்ல. ஆனால் அந்த வயலில் நாற்றுப் பறித்தவர், நட்டவர், களை எடுத்தவர், அறுத்தவர் யாரும் அந்தப் படங்களில் இல்லை. பயிர்ச் சேதக் கணக்கெடுப்பிலும் அவர்கள் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பயிர் செய்வோர் சுமார் 42 லட்சம் பேர். விவசாயக் கூலித் தொழிலாளர்கள் சுமார் 96 லட்சம் பேர். அதாவது, வயலை நம்பி வாழ்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் சொந்தப் பயிர் இல்லாதவர்கள். இவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். காவிரிப் படுகையின் திருவாரூர் மாவட்டத்தில் மக்கள்தொகையில் மூன்றில் ஒருவர் பட்டியல் சாதியினர்.

மழை எல்லோருக்கும் பொது என்று சொல்லி வளர்க்கப்பட்டிருக்கிறோம். மழை பொதுதான். அது விழுகிற நிலம் பொது இல்லை. வறட்சியும் பெருமழையும் நெல்லைக் கெடுக்கும் விதம் வேறு, கூலியைக் கெடுக்கும் விதமும் வேறு. இந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்காமல் "விவசாயம் பாதிப்பு" என்று மொத்தமாகப் பேசினால், பட்டா உள்ளவரின் இழப்பை மட்டும்தான் பேசிக்கொண்டிருப்போம். அதனால் முதலில் பயிரைப் புரிந்துகொள்வோம். பிறகு வரலாற்றுக்குப் போவோம்.

வறட்சி: தொடங்கும் முன்பே போகும் வேலை

நெல்லுக்கு எல்லா நாளும் ஒரே அளவு தண்ணீர் முக்கியமில்லை. தூர் கட்டும் பருவத்தில் தண்ணீர் குறைந்தால் தூர் குறையும். பிறகு தண்ணீர் வந்தால் பயிர் ஓரளவு தேறிவிடும். ஆனால் கதிர் உருவாகிப் பூக்கும் நாட்களில் தண்ணீர் இல்லாவிட்டால் மகரந்தச் சேர்க்கை தவறிவிடும். மணி பிடிக்காது. பார்ப்பதற்குக் கதிர் நிமிர்ந்து நிற்கும், உள்ளே பதர்தான் இருக்கும்.

புஞ்சைத் தானியங்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரப் பயிர்கள். சோளம் தண்ணீர் இல்லாதபோது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும், மழை கண்டதும் மறுபடி கிளம்பும். கம்பு, வரகு, கேழ்வரகு ஆகியவையும் நெல்லைவிடக் குறைந்த தண்ணீரில் ஒரு விளைச்சல் தரும். அவற்றுக்கும் ஒரு எல்லை உண்டு. விதைப்புக்கான ஈரமே கிடைக்காவிட்டால் எந்தத் தானியமும் முளைக்காது.

இதை வேலைக் கணக்காக மாற்றிப் பாருங்கள். டெல்டாவில் மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் வராவிட்டால் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் குறுவை போட முடியாது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் அணை திறக்கப்படவில்லை. குறுவை போகும்போது நாற்றங்கால் வேலை போகிறது, நாற்றுப் பறிப்பு போகிறது, நடவு போகிறது, களை போகிறது, அறுவடை போகிறது. நாற்றுப் பறிப்பும் நடவும் களையும் பெரும்பாலும் பெண்களின் வேலை. ஒரு போகம் முழுவதும் அவர்கள் கையில் ஒரு ரூபாய் வராமல் கழிகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். தண்ணீர் வராது என்று தெரிந்தால் நிலம் வைத்திருப்பவர் விதைக்காமல் விடலாம். விளைச்சல் இல்லை, ஆனால் விதைச் செலவும் உரச் செலவும் அவருக்கு மிச்சம். கூலிக்காரருக்கு அப்படி மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. விதைக்காமல் போட்ட நிலத்தில் சேதமடைந்த பயிர் என்று எதுவும் இருக்காது. அதனால் அங்கே போன வேலை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வறட்சியின் முதல் இழப்பு கூலியின் இழப்பு. அதற்குக் காட்டுவதற்கு ஒரு பட்ட கதிர்கூட இருப்பதில்லை.

பெருமழை: முடியும் நேரத்தில் போகும் வேலை

மழை அதிகமானால் கதை வேறு. நட்டுச் சில நாட்களே ஆன பயிர் தலை மூழ்கிப்போனால் மூச்சுவிட முடியாமல் திணறும். சாதாரண ரகங்கள் ஒரு வாரத்துக்கு மேல் தாங்குவது கடினம். ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட, மூழ்கலைத் தாங்கும் மரபணுவைச் சேர்த்து 'ஸ்வர்ணா சப்-1' என்ற ரகம் இந்தியாவில் 2009-இல் வெளியிடப்பட்டது. அது சுமார் இரண்டு வாரம் தண்ணீருக்குள் இருந்தும் பிழைக்கும். நம் ஊர்களில் 'மடுமுழுங்கி' என்ற பெயரிலேயே ஒரு பழைய நெல் உண்டு. தேங்கும் தண்ணீரில் நிற்கக்கூடிய நெல் எது என்று கண்டு, விதை பிடித்து வைத்தவர்களில் சேற்றில் நின்று வேலை செய்தவர்களும் இருந்தார்கள். அந்த அறிவு யாருடையது என்று கேட்க இன்னும் யாரும் மெனக்கெடவில்லை.

பூக்கும் நேரத்தில் விடாமல் மழை பெய்தால் மகரந்தம் கழுவிப் போய்விடும். அப்போதும் பதர்தான். வறட்சியும் மழையும் ஒரே முடிவைத் தரும் இடம் இது. தேங்கிய தண்ணீர் தழைச்சத்தை அடித்துச் செல்லும். ஈரமும் மூட்டமும் சேர்ந்தால் குலைநோயும் நெற்பழ நோயும் வரும். கம்பில் தேன் ஒழுகல் நோய் வரும், சோளக் கதிரில் பூசணம் பிடிக்கும்.

எல்லாவற்றிலும் கொடுமையானது அறுவடை நேரத்து மழை. முற்றிய கதிர் பாரம் தாங்காமல் சாயும். தண்ணீரில் கிடக்கும் நெல்மணி கதிரிலேயே முளைவிடும். சேற்றில் டயர் வைத்த அறுவடை இயந்திரம் இறங்காது. பெல்ட் வைத்த இயந்திரத்துக்கு வாடகை அதிகம், அதுவும் சாய்ந்த பயிரை முழுதாக அள்ளாது. தப்பித்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மழை ஆண்டுகளில் ஒன்றிய அரசிடம் கேட்டு இந்த வரம்பைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். அந்த அனுமதி வரும்வரை நெல் சாலையோரத்தில் முளைத்துக்கொண்டிருக்கும்.

பெருமழை ஆண்டில் நடவுக்கூலியும் களைக்கூலியும் பெரும்பாலும் கைக்கு வந்திருக்கும், செலவாகியும் இருக்கும். போவது அறுவடைக் கூலி. ஆண்டு முழுவதற்கும் வீட்டில் நெல் சேர்த்து வைக்க உதவிய கூலி அது. அதோடு வேறொன்றும் போகிறது: வீடு. வறட்சி சேரியின் கூரையைத் தொடுவதில்லை. வெள்ளம் அடுப்பை, விறகை, பானையில் இருந்த அரிசியை, கட்டியிருந்த ஆட்டை, பிள்ளைகளின் சாதிச் சான்றிதழைக்கூடச் சேர்த்துக் கொண்டுபோகிறது.

டெல்டாவில் இந்த இரண்டு ஆபத்தும் சந்திக்கும் இடம் கடைமடை. அணையிலிருந்து வரும் தண்ணீர் கடைசியாகத்தான் அங்கே எட்டும், வறட்சி ஆண்டில் எட்டவே எட்டாது. வடகிழக்குப் பருவமழையில் மேலே உள்ள வயல்களின் தண்ணீர் எல்லாம் கடலுக்குப் போகும் வழியில் அங்கேதான் தேங்கும். நாகப்பட்டினம் பக்கத்துத் தாழ்ந்த வயல்களில் ஒரே ஆண்டில் ஆடியில் காய்ச்சலும் கார்த்திகையில் மூழ்கலும் பார்க்கலாம். 1924 காவிரி வெள்ளத்துக்குப் பிறகு, 1925-இல் தொடங்கி 1934-இல் முடிக்கப்பட்ட மேட்டூர் அணை ஆற்று வெள்ளத்தைப் பெருமளவு அடக்கியது. டெல்டாவின் மேலேயே நேராகக் கொட்டும் மழையை எந்த அணையும் தடுக்காது. அதற்கு வடிகால் வேண்டும். பாசன வாய்க்காலுக்குக் கிடைத்த கவனம் வடிகாலுக்குக் கிடைக்கவில்லை.

தாது வருடம்

வறட்சி எப்படிப் பஞ்சமாகிறது என்பதற்குத் தென்னிந்தியாவில் பெரிய சாட்சி 1876–78. 1876 தமிழ்க் கணக்கில் தாது வருடம். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டு தென்மேற்குப் பருவமழையும் சரியாக இல்லை. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் தக்காணம் என்று பரவிய இந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பீடு.

அந்த நேரத்தில் நாட்டில் தானியமே இல்லாமல் போகவில்லை. கோதாவரி, கிருஷ்ணா, காவிரிப் படுகைகளில் விளைந்தது. இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குக் கோதுமை ஏற்றுமதியும் நடந்துகொண்டிருந்தது. ரயிலில் தானியம் வந்து இறங்கியது. கேழ்வரகும் சோளமும் இரண்டு மூன்று மடங்கு விலை ஏறின. வாங்கக் காசு இல்லாதவர்கள் செத்தார்கள். காசு ஏன் இல்லை? வயலில் வேலை இல்லை. பல ஊர்களில் நிலக்காரர்கள் தங்கள் பண்ணையாட்களுக்குப் படியளப்பதை நிறுத்தி வெளியே அனுப்பினார்கள். 1880-இல் அறிக்கை கொடுத்த பஞ்ச ஆணையம் இதைத் தெளிவாகவே எழுதியது: மழை தவறும்போது கூலி மக்கள் உணவையும் இழக்கிறார்கள், அந்த உணவை வாங்கத் தேவையான ஒரே வேலையையும் அதே நேரத்தில் இழக்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் காலனி அரசின் ஆணையமே கண்ட உண்மை இது.

கண்ட பிறகு செய்தது என்ன என்பது வேறு கதை. பஞ்சத்தின்போது சர் ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலைக்குக் கூலியைக் குறைக்கச் சொன்னார். ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும், அதாவது சுமார் 450 கிராமும், கொஞ்சம் சில்லறைக் காசும். நாள் முழுக்க மண் வெட்டிக் கல் உடைக்கும் உடம்புக்கு அந்தத் தானியம் போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அந்த எதிர்ப்புக்குப் பிறகு அளவு சற்றுக் கூட்டப்பட்டது. சென்னை நகரத்தின் ஊடாக ஓடும் பக்கிங்காம் கால்வாயின் இணைப்புப் பகுதி அந்தப் பஞ்சகால வேலையாகத் தோண்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. தோண்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

இந்தப் பஞ்சத்தில் இன்னொரு பாடமும் உண்டு. 1877 கடைசியில் மழை வந்தது. மழை வந்தால் பஞ்சம் தீர்ந்தது என்று நினைப்போம். ஆனால் அந்த மழையோடு காய்ச்சல் வந்தது. மாதக்கணக்காகப் பட்டினி கிடந்த உடம்புகள் மலேரியாவைத் தாங்கவில்லை. விதைக்க நிலமும் விதையும் மாடும் வைத்திருந்தவர்களுக்கு மழை பிழைப்பைத் திருப்பித் தந்தது. அவை இல்லாதவர்களில் பலரை அதே மழை முகாம்களிலும் வழியிலும் கொன்றது. பிழைத்தவர்களில் பெருங்கூட்டம் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மொரிஷியசுக்கும் கப்பல் ஏறியது. மலையகத் தோட்டங்களின் வரலாற்றைப் படிக்கும்போது தாது வருடத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

தரிசு கிடந்தது, தரமாட்டார்கள்

பஞ்சத்தில் ஒருவர் பிழைப்பதும் சாவதும் கொஞ்சம் நிலம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது என்றால், நிலம் ஏன் நம்மிடம் இல்லை என்பதே அடுத்த கேள்வி. தரிசு நிலம் இல்லாமல் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசு உரிமை என்று ஒன்று இருந்தது. தரிசைப் பயிர் செய்யச் சேரியிலிருந்து ஒருவர் மனுப்போட்டால், மிராசுதார் தனக்கு முன்னுரிமை என்று வந்து நிற்கலாம். தான் உழவும் மாட்டார், அடுத்தவர் உழ விடவும் மாட்டார். சேரி மனையே மிராசுதாரின் பிடியில் இருந்ததால், நிலம் கேட்டவரை வீட்டிலிருந்தே வெளியேற்ற முடிந்தது.

மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் 1891-இல் செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றி எழுதிய அறிக்கை இந்த ஏற்பாட்டை வெளிப்படையாகப் பேசியது. அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று வந்தது அரசாணை 1010. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கத் தொடங்கியதன் வேர் இங்கே இருக்கிறது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். பத்தாண்டுகள் விற்கக்கூடாது, அதன்பின் விற்றாலும் அதே மக்களுக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை.

கொடுக்கப்பட்டது தரிசிலிருந்து எடுத்த நிலம். தரிசு பெரும்பாலும் ஏரித் தண்ணீர் பாயாத மேடாக இருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கும் பள்ளமாக இருக்கும். அதாவது, வறட்சி முதலில் தொடும் இடம் அல்லது வெள்ளம் முதலில் நிற்கும் இடம். இரண்டு மூன்று ஆண்டு விளைச்சல் தவறினால் வயிற்றுக்குக் கடன், கடனுக்கு நிலம் என்று கை மாறியது. பஞ்சமி நிலங்கள் பறிபோன கதையில் ஏமாற்றும் மிரட்டலும் எவ்வளவு உண்டோ, பொய்த்த மழைக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. விலை போட்டு வாங்கியவர் மழை தவறும் ஆண்டுக்காகக் காத்திருந்தால் போதும். அந்த நிலங்களை மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள்.

களத்து நெல்லும் மழை மேகமும்

தஞ்சையில் நிலைமை இன்னும் இறுக்கம். 1843 சட்டம் அடிமை முறையை ஒழித்தது என்று ஏட்டில் இருந்தது. வயலில் பண்ணையாள் முறை தொடர்ந்தது. பண்ணையாளுக்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அன்றாடம் கொஞ்சம், அறுவடையில் களத்தில் ஒரு பங்கு. விளைச்சல் குறைந்தால் களத்துப் பங்கும் சுருங்கும். நிலத்தின் மேல் உரிமை கிடையாது, ஆனால் நிலத்தின் நட்டத்தில் பங்கு உண்டு. இதைவிட வசதியான கூட்டு வியாபாரம் மிராசுதாருக்கு வேறெங்கும் கிடைத்திருக்காது.

செங்கொடிச் சங்கங்கள் இதை மாற்றப் போராடின. 1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது ஒரு வேலிக்கு மேல், அதாவது சுமார் 6 ஏக்கர் 67 சென்ட்டுக்கு மேல், நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பொருந்தியது. பல மிராசுதார்கள் பண்ணையாட்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு அன்றாடக் கூலியாக எடுத்துக்கொண்டார்கள். அடிமைக் கட்டு தளர்ந்தது நல்லது. ஆனால் வேலையில்லாத நாளின் பசி முழுவதும் தொழிலாளியின் தலையில் இறங்கியதும் அப்போதுதான்.

அன்றாடக் கூலிக்கு ஆண்டில் ஒரு நேரம் மட்டும் பேரம் பேசும் வலு உண்டு. அது அறுவடை. முற்றிய நெல் வயலில் நிற்கிறது, வானத்தில் மேகம் கட்டியிருக்கிறது, ஒரு மழை பெய்தால் எல்லாம் சாயும். நிலக்காரரால் காத்திருக்க முடியாது. பெருமழை அச்சம் தொழிலாளிக்குச் சாதகமாக இருக்கும் ஒரே தருணம் அது. கூலிப் போராட்டங்கள் அறுவடையை ஒட்டி நடந்ததற்கும், அவற்றை உடைக்க வெளியூர் ஆட்களை மிராசுதார்கள் இறக்கியதற்கும் காரணம் இதுதான். கூலி உயர்வு கேட்டதற்கும் சங்கம் வைத்ததற்கும் விலையாக 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதன் பிறகுதான் 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும், 1971-இல் குடியிருப்பு மனைக்கு உரிமை தரும் சட்டமும் வந்தன. மனை சொந்தமானது. அந்த மனை இருந்த பள்ளம் பள்ளமாகவே இருந்தது. ஒவ்வொரு கார்த்திகையிலும் தண்ணீர் முதலில் வரும் இடம் இன்றும் அதுதான். பின்னர் இயந்திர அறுவடை பரவியபோது, மேகத்தைக் காட்டிப் பேரம் பேசும் அந்த ஒரே வலுவும் பெரும்பாலும் போய்விட்டது.

நிவாரணத்தின் கணக்கு

அண்மைக் காலத்து இரண்டு ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம்.

2021 ஜனவரியில் நேரெதிர். பொங்கலை ஒட்டிப் பருவம் தவறிய மழை கொட்டியது. அறுவடைக்கு நின்ற சம்பாவும் தாளடியும் டெல்டாவில் சாய்ந்து முளைத்தன. ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது.

இரண்டு அறிவிப்புகளும் "ஏக்கருக்கு", "ஹெக்டேருக்கு" என்றுதான் பேசுகின்றன. பேரிடர் விதிகளில் பயிர் 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமானதா என்று பார்ப்பார்கள். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குப் பணம். வாய்மொழிக் குத்தகைக்குப் பயிர் செய்யும் நம் மக்கள் பலருக்கு அடங்கலில் பெயர் இல்லை. உழுது விதைத்தது அவர்கள், நிவாரணம் போவது நிலக்காரர் வங்கிக் கணக்குக்கு. நல்ல மனதிருந்தால் பிரித்துக் கொடுப்பார். கூலிக்காரரின் நிலைமை இதற்கும் கீழே. போன வேலை நாளை அளக்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

விவசாயிகளுக்கு நிவாரணம் தரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. நட்டப்பட்ட சிறு விவசாயி நமக்கு எதிரி அல்ல. அவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 1880-இல் பஞ்ச ஆணையம் கூலி இழப்பைத் தனியாகப் பார்த்தது. 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டமும் அதைப் பார்த்தது, வறட்சிப் பகுதிகளில் 100 நாளுக்கு மேல் 50 நாள் கூட்டித் தரவும் வழி வைக்கப்பட்டது. பயிர்ச் சேத நிவாரணம் மட்டும் இன்னும் நிலத்தின் அளவைத் தவிர வேறெதையும் பார்க்க மறுக்கிறது.

பாபாசாகேப் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்

வெள்ளத்தையும் வறட்சியையும் ஒரே பிரச்சினையின் இரண்டு முனைகளாகப் பார்த்த தலைவர் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. 1945 நவம்பர் 8 அன்று கட்டாக்கில் ஒடிசாவின் ஆறுகள் பற்றி நடந்த கூட்டத்தில் அவர் பேசியதன் சாரம் இது: அதிகத் தண்ணீரைத் தீமையாகப் பார்த்துக் கடலுக்குத் தள்ளிவிட நினைப்பது தவறு. தண்ணீர் ஒரு செல்வம். மனிதர்கள் மிகுதியால் படுவதைவிடப் பற்றாக்குறையால் படும் துன்பமே அதிகம். ஆகவே கரை கட்டி விரட்டாமல் தேக்கி வைக்க வேண்டும். மகாநதித் திட்டத்துக்கும் தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கும் பின்னால் இந்தச் சிந்தனை இருந்தது.

இது அவர் சொன்னதில் பாதி. மறு பாதி 1947-இல் வெளியான 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் இருக்கிறது. விவசாயம் அரசுத் தொழிலாக வேண்டும், நிலம் சாதி மத வேறுபாடு இல்லாமல் ஊர் மக்களிடம் கூட்டாகப் பயிர் செய்யக் கொடுக்கப்பட வேண்டும், தண்ணீரும் மாடும் விதையும் உரமும் அரசு தர வேண்டும், நிலப்பிரபுவும் குத்தகையாளும் நிலமற்ற கூலியும் இல்லாத ஏற்பாடு வேண்டும் என்றார். அப்படி ஓர் ஏற்பாட்டில் மழை தவறினாலும் மிகுந்தாலும் நட்டம் எல்லோருக்கும் பகிரப்படும்.

சுதந்திர இந்தியா முதல் பாதியை எடுத்துக்கொண்டது. அணைகள் வந்தன. இரண்டாம் பாதியைக் கிடப்பில் போட்டது. அதனால்தான் தேக்கிய தண்ணீர் யாருடைய நிலத்துக்குப் பாய்ந்ததோ அவர்களே இரண்டு ஆபத்திலிருந்தும் முதலில் காப்பாற்றப்பட்டார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

மாணவத் தோழர்களுக்கு நாம் சொல்வது எளிய வேலைகள். உங்கள் ஊரில் அடுத்த வறட்சியோ வெள்ளமோ வரும்போது, சேத ஏக்கரை அரசு எண்ணட்டும். நீங்கள் வேலை நாட்களை எண்ணுங்கள். வழக்கமான ஆண்டில் ஒரு பெண்ணுக்கு நடவில் எத்தனை நாள், களையில் எத்தனை நாள், அறுவடையில் எத்தனை நாள் வேலை கிடைக்கும், இந்த ஆண்டு எத்தனை நாள் கிடைத்தது என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வாய்மொழிக் குத்தகைக்காரர்களின் பெயர்களைத் தனியாக எழுதுங்கள். சேரியில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது, எந்த வடிகால் அடைபட்டிருந்தது, யாருடைய ஆக்கிரமிப்பில் இருந்தது என்று குறியுங்கள். பஞ்சமி நிலம் இருந்த ஊராக இருந்தால், அது எந்த ஆண்டு கை மாறியது, அதற்கு முந்தைய ஆண்டுகளில் மழை எப்படி இருந்தது என்று பெரியவர்களிடம் கேளுங்கள்.

அந்த நோட்டைக் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். வேலை நாள் இழப்புக்கும் நிவாரணம் வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். மறுத்தால் மறுத்தார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். தாது வருடத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று நமக்கு மதிப்பீடுதான் இருக்கிறது, அதில் நம் ஊர்ச் சேரியில் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் இல்லை. அன்றைக்கு எண்ணியவர்கள் நம் ஆட்கள் இல்லை. இன்றைக்கு எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு சேரியிலும் இருக்கிறீர்கள்.